பாப் பாடகிக்கு ஸ்விங் நடை வரவில்லை, உதவுங்கள்

வணக்கம். பாடகி லார்ட் பாடிய ‘ராயல்ஸ்’ பாப் பாட்டை 1930களின் ஸ்விங் நடையில் (துள்ளலான ஜாஸ் தாள நடை) மேடையேற்ற மூன்று வாரமாக முயல்கிறோம், பிடிபடவில்லை. 2013இல் பாப் பாட்டுகளைப் பழைய பாணியில் மாற்றி இசைக்கும் ஸ்காட் பிராட்லீயின் போஸ்ட்மாடர்ன் ஜூக்பாக்ஸ் குழுவுக்காக பாடகர் படில்ஸ் கோமாளி வேடத்தில் அந்தப் பாட்டைப் பாடியதைக் கேட்டதிலிருந்து எனக்கு இந்த ஆசை.

ஜெர்சி சிட்டியில் ஐந்து பேர்: பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், டிரம்பெட், பாடகி. வேகம் நிமிடத்துக்கு 160 அடி. வாத்தியங்கள் நன்றாகவே ஸ்விங் ஆகின்றன. பாடகி தொடங்கியதும் பாப் நடை திரும்பிவிடுகிறது. அசைகள் எல்லாம் சம இடைவெளியில் விழுகின்றன. வேகத்தை 120க்குக் குறைத்தோம். சுருதியை இறக்கினோம். ட்ரிப்லெட் எண்ணி (ஓர் அடியை மூன்றாகப் பிரித்து), முதல் அசைக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு என 2:1 கணக்கில் பாடவைத்தோம். கணக்கு சரி, உயிர் இல்லை. ஆனால் அவருடைய முகபாவமும் நடிப்பும் அபாரம், வேறு ஆளைத் தேட மனமில்லை. நிகழ்ச்சிக்கு 12 நாள்தான் இருக்கிறது.

தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து பாட, எந்தப் பயிற்சியில் தொடங்கலாம்?