சிஏ-125 96 என்று வந்திருக்கிறது, புற்றுநோய்தானா?

தண்டையார்பேட்டை தம்பி:
அக்காவுக்கு 39 வயது. வயிற்று வலி என்று ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி. அப்புறம் ரத்தத்தில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோய் சந்தேகம் வந்தால் பார்க்கும் ஒரு புரதத்தின் அளவு) பார்த்தோம், 96. ரிப்போர்ட்டில் 35-க்குள் இருக்கணும் என்று போட்டு, 96-ஐ மட்டும் கொட்டை எழுத்தில் அடித்திருக்கிறார்கள். டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும், அதுவரை அம்மாவை எப்படிச் சமாளிப்பது என்றே தெரியவில்லை.

ராயபுரம்:
தம்பி, ரத்தம் கொடுத்த அன்று அக்காவுக்கு மாதவிலக்கா, முதலில் அதைக் கேளுங்க. அந்த நாட்களில் இந்த எண் ஏறும். எனக்கு 140 வந்து, ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன், கடைசியில் அது சாக்லேட் சிஸ்ட், பழைய ரத்தம் தேங்கிய சாதாரணக் கட்டி, புற்றுநோய் இல்லை. ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக் கட்டி), கர்ப்பம், ஈரல் கோளாறு இருந்தாலும் ஏறும்.

வியாசர்பாடி:
எங்க அம்மாவுக்கு வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 600-ஐத் தாண்டியது. நாங்களே முடிவு கட்டி அழுது தீர்த்துவிட்டோம். சதை எடுத்துப் பார்த்தால் டிபி! 6 மாதம் மாத்திரை, அவ்வளவுதான்.

லேப் அண்ணன்:
எண்ணை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது, ஸ்கேனோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். கட்டிக்குள் பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல், இதில் ஒன்றும் இல்லை என்றால் மதிப்பெண் 0, ஒன்று இருந்தால் 1, அதற்கு மேல் 3. மாதவிலக்கு நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இரண்டையும் சிஏ-125-ஓடு பெருக்கி, 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் புற்றுநோய் டாக்டரிடம் அனுப்புவார்கள். ஸ்கேனில் ஒரு அடையாளம் என்று வையுங்க, அதே 96 அக்காவுக்கு 96தான், அம்மா வயதில் 288.

தண்டையார்பேட்டை தம்பி:
கேட்டேன், மாதவிலக்கு இரண்டாம் நாளாம்! ஸ்கேனில் ஒரே அறை, கெட்டிப் பகுதி இல்லை, நீர் இல்லை, மற்ற பக்கம் நார்மல். அப்போ 0-வா அண்ணே? திங்கட்கிழமை போகணுமா?

லேப் அண்ணன்:
கட்டாயம் போங்க. 6 செ.மீ. கட்டி அங்கேயேதானே இருக்கிறது. ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் பாதிப் பேருக்கு இந்த எண் ஏறவே ஏறாது, அதனால் 0, நார்மல் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. ரத்தம் எடுத்த நாளை டாக்டரிடம் சொல்லுங்க. திரும்ப எடுக்கச் சொன்னால் அதே லேபில் கொடுங்க, மெஷின் மாறினால் எண்ணும் மாறும்.