ஜெர்சிக்கு தைலேரியா, அதே பட்டியில நிக்கற காங்கேயத்துக்கு ஒண்ணுமில்ல, ஏன்?

தொண்டுப்பட்டிக்காரன்:
வணக்கங்க. போன வாரம் எங்க ஜெர்சி கலப்புக்கு 106 டிகிரி காய்ச்சல், தீனி எடுக்கல, 9 லிட்டர் கறந்தது ஒரு சொம்புக்கு வந்துருச்சு. மொதல்ல பாத்தவரு சாதா காய்ச்சல்னு ரெண்டு நாள் ஆன்டிபயாடிக் போட்டாரு, கேக்கல. அப்பறம் வந்த டாக்டரம்மா தோள்பட்டைக்கு முன்னால அமுக்கிப் பாத்து "நெறி கட்டியிருக்கு"ன்னாங்க, கொய்யாக்கா சைஸுக்கு உருண்டு நின்னுச்சு, அதுல ஊசிய விட்டு ஒரு துளி எடுத்து கண்ணாடி சில்லுல தேச்சு கொண்டுபோயி பாத்துட்டு தைலேரியான்னாங்க. புபார்வாகுவோன் ஊசி போட்டாங்க, இப்ப அசை போடுது. அந்தக் கிருமி வெள்ளையணுவ கேன்சர் மாதிரி ஆக்கிரும்னு சொன்னாங்க, நெசமாவா? காங்கேயத்து மேலயும் உண்ணி இருக்கு, அது எப்படி தெம்பா நிக்குது?

சில்லு_பாக்கறவன்:
நெசம்தான். நான் லேப்ல இதத்தான் பாக்கறேன். தைலேரியா அன்னுலாட்டா ஒத்த செல் ஒட்டுண்ணி, உண்ணி எச்சில் வழியா உள்ள போயி வெள்ளையணுக்குள்ள குடியேறிரும். குடியேறுனதும் அந்த அணு நிக்காம பிரிஞ்சுகிட்டே இருக்கும், அதான் நெறி வீங்குது. இதுல பெரிய கில்லாடித்தனம் என்னன்னா செல் ரெண்டா பிரியறப்ப குரோமோசோம பங்கு போடற இழைங்க இருக்கே, இது அதையே புடிச்சு தொத்திக்கும், அதனால ரெண்டு செல்லுக்கும் இதுவும் பங்கா போயிரும், புதுசா எதுக்குள்ளயும் புக வேண்டிய வேலையே இல்ல. தட்டுல வளத்தா மாசக்கணக்கா வளந்துட்டே இருக்கும். புபார்வாகுவோன் சேத்தா ஒட்டுண்ணி சாகும், செல்லு பிரியறதும் நின்னுரும். கேன்சர் மாதிரி மாறுன செல்ல இப்படி திருப்பிக் கொண்டுவர முடியுதுங்கறதாலயே மனுச கேன்சர் பாக்கறவங்களும் இத விடாம படிக்கறாங்க.

நாட்டு மாடு விசயத்துக்கு, சாஹிவால்ங்கற நாட்டு மாட்டு கன்னுக்கும் ஹோல்ஸ்டீன்ங்கற சீமை மாட்டு கன்னுக்கும் ஒரே அளவு கிருமி குடுத்துப் பாத்துருக்காங்க. சாஹிவாலுக்கும் தொத்துச்சு, ஆனா காய்ச்சல் கம்மி, பொழச்சுக்கிச்சு. சீமை மாட்டு ஒடம்பு பதறிப்போயி அழற்சிய அளவுக்கு மீறி கெளப்பி விட்டுருதுன்னு நெனைக்கறோம். காங்கேயத்துல நேரா அப்படி பண்ணுன ஆய்வ நான் படிச்சதில்ல, அதனால அதுவும் இதேதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.

மேட்டாங்காடு:
தம்பி, மருந்தோட விட்றாதீங்க. கால்ல வரி வரியா இருக்கற உண்ணிதான் இத பரப்பறது, செவுத்து வெடிப்புலயும் கல்லு சந்துலயும் போயி ஒளிஞ்சுக்கும், மாட்ட மட்டும் கழுவி பிரயோசனமில்ல. நாங்க வெடிப்பெல்லாம் சிமெண்டு வச்சு பூசுனப்பறந்தான் கொறஞ்சுது.

சில்லு_பாக்கறவன்:
அண்ணன் சொல்றது சரி. உண்ணி கடிச்ச ஒடனே நோய் தொத்தாது, எச்சில் சுரப்பில கிருமி முத்தறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும், அதனால காது, மடி, வால் அடி எல்லாம் தடவிப் பாத்து தெனம் எடுத்துட்டா பாதி கெலிச்ச மாதிரி. இன்னொண்ணு, பொழச்ச மாட்டு ரத்தத்துல கிருமி கொஞ்சமா தங்கியே இருக்கும், புது உண்ணி அதுகிட்ட இருந்தும் எடுத்துக்கும்.

தொண்டுப்பட்டிக்காரன்:
அப்ப ஜெர்சிய தனியா கட்டோணுமா? ஆறு மாச கெடேரி ஒண்ணு இருக்கு, அதுக்கு தடுப்பூசி உண்டுங்களா?

சில்லு_பாக்கறவன்:
உண்டு. அதே வெள்ளையணுவ லேப்ல பல தடவ வளத்து வீரியம் கொறஞ்ச கிருமியோட குடுக்கறது. திரவ நைட்ரஜன்லயே வச்சு கொண்டு வரணும், அதனால எல்லா எடத்துலயும் கெடைக்காது, டாக்டரம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. சினை மாட்டுக்குப் போடலாமான்னும் கேட்டுக்குங்க. தனியா கட்டறத விட உண்ணிய ஒழிங்க. மூத்திரம் காப்பித்தண்ணி நெறத்துல போச்சுன்னா அது வேற, பபீசியாவா இருக்கலாம், அது உண்ணி பரப்பற இன்னொரு ஒட்டுண்ணி நோய், அதுக்கு இந்த ஊசி வேலை செய்யாது.