பெயர் சொன்னால் திரும்ப மாட்டேன் என்கிறான்

வணக்கம் தோழிகளே. எங்கள் அங்கன்வாடிக்கு மூன்று வயதுப் பையன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். முதல் வாரம் அம்மாவின் முந்தானையை விடவே இல்லை. இப்போது செருப்பைக் கழற்றி வரிசையில் வைக்கிறான், சாப்பாட்டுக்கு முன் தானே கை கழுவப் போகிறான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவன் 'குட்டி'தானாம். காதையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று கண்ணாடி முன் நிறுத்தி, "இது யாரு?" என்றேன். கண்ணாடியில் தெரிந்த மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாப்பா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், ஒன்றுக்கு வந்தால் சொல்லத் தெரியவில்லை. டவுசர் நனைந்ததும் மூலையில் போய் நின்றுகொள்கிறான். அதட்ட மனமில்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை நாமே கூட்டிப்போனால் பழகிவிடுமா? பெயரைப் பழக்க என்ன விளையாட்டு வைத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.