‘எத்தனை அதிகம்?’ என்ற கேள்வியில் தடுமாறும் இரண்டாம் வகுப்பு: உதவி தேவை

குழுவிலுள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம். என் வகுப்பின் 28 குழந்தைகளிடமும் பிடித்த பழத்தைக் கேட்டு, தரையில் சுண்ணக்கட்டியால் எழுதிய பழப்பெயருக்கு நேரே ஆளுக்கொரு புளியங்கொட்டையை வைக்கச் சொன்னேன். மாம்பழம் 11, வாழைப்பழம் 7, கொய்யா 6, பலா 4 என வந்தது. கொய்யாவின் கொட்டைகள் இடைவெளி விட்டுக் கிடந்ததால், வரிசையின் நீளத்தைப் பார்த்து அதுவே அதிகம் என்று பாதி வகுப்பு சொன்னது (பிழை என்னுடையதுதான்). கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக வைத்ததும் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

தீராதது வேறொன்று. எது அதிகம் என்று சரியாகச் சொல்பவர்களே, கொய்யாவைவிட மாம்பழம் எத்தனை அதிகம் என்று கேட்டால் உடனே 11 என்கிறார்கள். ஆனால் இரு வரிசைகளையும் நேருக்கு நேர் வைத்து, ஜோடி கிடைக்காத மாம்பழக் கொட்டைகள் எத்தனை என்று கேட்டால், விரல் வைத்து எண்ணி 5 என்கிறார்கள். தடுமாற்றம் கணக்கில் இல்லை, கேள்வியின் சொற்களில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கொட்டைகளை விட்டு, கரும்பலகையில் ஆளுக்கொரு சிறு படமாக வரைந்த படவிளக்கப்படத்தைப் பார்த்தே ஒப்பிடும் நிலைக்குக் குழந்தைகளை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? கேள்வியை எந்தச் சொற்களில் கேட்டீர்கள் என்பதையும், ஒரு படம் இரண்டு பேரைக் குறிக்கும் முறையை எப்போது அறிமுகப்படுத்தினீர்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.