இடதுசாரி ஆட்சியில் மிளகாய்க்கு விலை கிடைத்தது எப்படி?

கேள்வி – உரும்பிராய் மாணவி

உயர்தரத்தில் பொருளியலும் அரசியல் விஞ்ஞானமும் படிக்கிறேன். அரசு தலையிட்டால் இடது, சந்தையிடம் விட்டால் வலது என்று வகுப்பில் குறிப்பு எழுதினோம். அதை வாசித்துக் காட்டியபோது அப்பப்பா சிரித்தார். சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகளாக இருந்த 1970ஆம் ஆண்டு ஆட்சியில்தான் வெங்காயமும் செத்தல் மிளகாயும் விற்று அவர் கல்வீடு கட்டினாராம், 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன சந்தையைத் திறந்துவிட்ட பிறகு மிளகாய் மூட்டைகள் விலைப்படாமல் விறாந்தையிலேயே கிடந்தனவாம். தனியாரின் இலாபம் இடதுசாரி ஆட்சியில் பெருகி வலதுசாரி ஆட்சியில் சுருங்கியதென்றால், அந்தச் சொற்களுக்குப் பொருள்தான் என்ன?

பதில் – சுன்னாகம் சந்தையடி

பிள்ளை, அப்பப்பா சொல்வது சரி; ஆனால் அந்த விலை தோட்டக்காரருக்கென்று தீட்டிய திட்டத்தால் வந்ததன்று. அந்நியச் செலாவணி இல்லாததால் இறக்குமதியை இறுக்கினார்கள். வெளியிலிருந்து மிளகாய் வராதபோது, கிணற்றிலிருந்து இறைத்துப் பயிர் செய்த நம்மவரின் மிளகாய்க்குத் தென்னிலங்கையில் கிராக்கி ஏற்பட்டது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் தனியொருவர் 50 ஏக்கருக்கு மேல், நெற்காணியானால் 25 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கக் கூடாது என்றது. ஏக்கருக்கு 16 பரப்பு என்று கணக்கிட்டு, நூறு பரப்பு உள்ளவரையே பெரிய கமக்காரர் என்று சொல்லும் ஊரில் அந்தச் சட்டம் யாரைத் தொட்டிருக்கும்? ஆகவே இடதுசாரிக் கொள்கையின் சுமை இங்கே குறைவாகவும், அதனோடு வந்த பாதுகாப்பின் பலன் கூடுதலாகவும் இருந்தது. ஆனால் பாணுக்கு வரிசையில் நின்றவர்களும், மொழியையும் மாவட்டத்தையும் வைத்துப் புள்ளிகளைச் சரிக்கட்டிய தரப்படுத்தலால் பல்கலைக்கழக அனுமதியை இழந்தவர்களும் அதே ஆட்சியை வேறு விதமாகவே நினைவுகூருவார்கள். சில வேளை அவர்கள் ஒரே வீட்டுக்காரராகவும் இருப்பார்கள்.

பதில் – கொக்குவில் வாசகர்

இச்சொற்கள் பொருளாதாரத்திலிருந்து பிறந்தவையே அல்ல. 1789இல் பிரான்சின் தேசிய சபையில், மன்னருக்குத் தடுப்பதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவரின் வலப்பக்கத்திலும் வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கத்திலும் அமர்ந்ததிலிருந்து வந்தவை. சொத்துடைமை, கூலி, வரி ஆகியன பற்றிய சண்டை பின்னரே அவற்றின் மேல் ஏறியது. அதனால்தான் ஒட்டு அடிக்கடி கழன்றுவிடுகிறது. 1883இல் ஜெர்மனியில் தொழிலாளருக்கு நோய்க்காப்புறுதி கொண்டுவந்த பிஸ்மார்க் சோசலிசவாதிகளை ஒடுக்கியவர். நமது நாட்டிலும் ஏழைக் குடும்பங்களுக்கான ஜனசவியவை 1989இல் தொடங்கியது பிரேமதாசவின் வலதுசாரி ஐக்கிய தேசியக் கட்சி அரசு; இடதுசாரிக் கட்சிகளும் அங்கம் வகித்த சந்திரிகாவின் அரசோ 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானிய நிறுவனமொன்றுக்கு விற்றது. கட்சியின் பெயரை மறைத்துவிட்டு, உடைமை யாருக்கு, விலையை யார் தீர்மானிப்பது, வரி யார் தலையில் விழுகிறது என்று கேட்டுப் பார்த்தால் வகுப்புக் குறிப்பைவிடத் தெளிவு கிடைக்கும்.

பதில் – ஓய்வுபெற்ற வங்கியாளர்

மேலே உள்ளவர் ஒட்டைக் கொஞ்சம் அதிகமாகவே உரித்துவிட்டார் என்று எண்ணுகிறேன். அவர் கடைசியில் சொன்ன வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் எனும் பெறுமதிசேர் வரியை, ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வைத்தியரும் ஒரே அளவில் செலுத்துகிறார்கள்; வருமான வரியோ உழைப்பவரின் வருமானத்தோடு கூடிச் செல்கிறது. இவற்றில் எதிலிருந்து கூடுதலாகத் திரட்டுவது என்பதில் இடதுக்கும் வலதுக்கும் இடையில் உண்மையான வேறுபாடு இன்னமும் இருக்கிறது. ஆனால் கடன்பட்ட அரசுக்குத் தெரிவு செய்யும் இடம் ஒடுங்கிவிடுகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று அறிவித்து, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்துக்குள் நுழைந்த நாட்டை, மார்க்சிய மரபில் வந்த மக்கள் விடுதலை முன்னணியின் தலைவர் 2024இல் பொறுப்பேற்றும், அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. இதைக் கொள்கை மாற்றம் என்று சிலர் ஏசுவர். கையில் சில்லறை இல்லாமல் சந்தைக்குப் போனவரின் நிலை என்றே நான் சொல்வேன்.

கேட்டவர் – உரும்பிராய் மாணவி

மூவருக்கும் நன்றி. இவற்றை அப்பப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, இப்போது அவருக்கு வேண்டியது என்னவென்று கேட்டேன். வெங்காயம் கிண்டும் மாதங்களில் இறக்குமதிக்கு அரசு விசேட அறவீட்டைக் கூட்ட வேண்டுமாம். உரமும் கிருமிநாசினியும் மட்டும் வரியில்லாமல் வர வேண்டுமாம். இது இடதா வலதா என்று கேட்டதற்கு, "இது தோட்டம்" என்று சொல்லிவிட்டு இறைப்புக்குப் போய்விட்டார்.