வீட்டுக்குப் பின்னால் மண் சரிகிறது, கன்னைட்டிங் அடித்தால் நிற்குமா?

கேள்வி:
கோத்தகிரி பக்கம் வீடு. பின்னால் வெட்டிவிட்ட மண்மேடு 12 அடி இருக்கும். போன ஐப்பசி மழையில் சமையல்கட்டு ஜன்னல் வரை மண் வந்துவிட்டது. கருங்கல் சுவர் எழுப்ப இடமில்லை. கம்பி வலை போட்டு கன்னைட்டிங் (சிமெண்ட் கலவையைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுவது) அடித்தால் போதும், இரண்டே நாள் வேலை என்கிறார் மேஸ்திரி. இது வெறும் பூச்சுதானே, காசு தண்டமா?

பதில் 1:
பூச்சு இல்லை. கம்ப்ரசர் காற்றில் கலவை வேகமாகப் போய் மோதி, அந்த அடியிலேயே இறுகிவிடும். சென்ட்ரிங் பலகையும் வேண்டாம், வைப்ரேட்டரும் வேண்டாம். சின்ன வேலைக்குப் பெரும்பாலும் உலர் முறைதான், அதாவது சிமெண்டும் மணலும் காய்ந்தபடியே ஹோஸில் வரும், தண்ணீர் நாசிலில்தான் சேரும், எவ்வளவு என்பது அதைப் பிடிப்பவர் கைப்பக்குவம். 1907-ல் இந்த மெஷினைச் செய்த கார்ல் ஏக்லி இன்ஜினியரே இல்லை, சிகாகோ மியூசியத்தில் யானைகளைப் பாடம் செய்தவர்!

பதில் 2:
சைட்டில் இருப்பவன் சொல்கிறேன். நாசில் சுவரிலிருந்து சுமார் ஒரு மீட்டரில், நேராகப் பிடித்திருக்க வேண்டும். சாய்த்து அடித்தால் பாதி தெறித்துக் கீழே விழும், கம்பிக்குப் பின்னால் வெறும் மணல் தங்கிவிடும். சாயங்காலம் அப்படி விழுந்ததை மண்வெட்டியால் அள்ளி மறுபடி மெஷினில் கொட்டியதை நானே பார்த்திருக்கிறேன். விடாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். அப்புறம் ஒரு வாரம் ஈரச்சாக்கு.

பதில் 3:
எல்லாம் சரி, தண்ணீர் எங்கே போகும்? 10 சென்டிமீட்டர் தோல் மலையைத் தாங்காது. நீலகிரி ரோடுகளில் நெடுஞ்சாலைத் துறை சாயில் நெயிலிங் செய்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மண்ணுக்குள் ஆழமாகப் போகும் அந்தக் கம்பிகள்தான் பிடிப்பு. என் மாமா வீட்டில் வடிகுழாய் வைத்தார்கள், ஆனால் கலவை அடிப்பதற்கு முன் குழாய் வாயில் சாக்கை அடைக்கவில்லை. கலவை போய் எல்லாக் குழாயும் மூடிக்கொண்டது. அடுத்த மழைக்கே சுவர் தொப்பை போட்டு, தட்டினால் தொப் தொப் என்று சத்தம். மேட்டுக்கு மேலே ஒரு வாய்க்காலும் வெட்டுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாகப் போய்விடும்.

கேட்டவர்:
நன்றி. மேஸ்திரியிடம் நெயிலிங் பற்றிக் கேட்டேன், "அது நான் சொன்ன ரேட்டில் வராதுங்க" என்கிறார். வடிகுழாயும் அந்த ரேட்டில் இல்லையாம். வேலையை நிறுத்திவிட்டேன், முதலில் இன்ஜினியர் ஒருவரைக் கூட்டிவந்து மேட்டைக் காட்டப் போகிறேன்.