ஒரே அடுப்பு, ரெண்டு சாப்பாடு: வீட்டில் ஒருவர் மட்டும் வீகன் என்றால்

அளவுக்கரண்டி (தொடக்கப் பதிவு)

பால், தயிர், நெய், முட்டை, தேன் எல்லாவற்றையும் வீட்டில் ஒருவர் விட்டுவிட்டார். மற்றவர்கள் மாறுவதாக இல்லை. பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் இரண்டு: அவருக்குத் தனிச் சமையல், அல்லது பேசிப் பேசி மொத்த வீட்டையும் மாற்றுவது. இரண்டுமே மூன்று மாதம் தாங்காது என்பது என் வாதம்.

மூன்றாவது வழி நம் சமையலிலேயே இருக்கிறது. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், இட்லி, தோசை, புளிசாதம் எதிலும் அடிப்படையில் பால் பொருள் கிடையாது. நெய்யும் தயிரும் பெரும்பாலும் கடைசிக் கரண்டியில்தான் வந்து சேர்கின்றன. தாளிப்பைக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றிவிட்டு, நெய்க் கிண்ணத்தைச் சாப்பிடும் இடத்தில் வைத்துவிட்டால் முக்கால்வாசிச் சண்டை முடிந்தது. வேண்டியவர் ஊற்றிக்கொள்ளட்டும்.

வெண்பொங்கலில் மட்டும் கவனம் வேண்டும். நெய் இல்லாத பொங்கல் ஆறியதும் செங்கல்லாக இறுகிவிடும். வழக்கத்தைவிட ஒரு தம்ளர் தண்ணீர் கூட வைத்துக் குழைய விடுங்கள். மிளகு, சீரகம், இஞ்சியை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டி, ஒரு பங்கை எடுத்து வைத்த பிறகு மீதியில் நெய் சேர்க்கலாம்.

மோர்க்குழம்பில் தேங்காய், மிளகாய், தனியா, ஊறிய துவரம்பருப்பு அரைத்த விழுதோடு காயை வேகவிடும்வரை ஒரே பாத்திரம் போதும். அதற்குப் பிறகுதான் இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

மோர்மிளகாய்

படிக்க நல்லாத்தான் இருக்கு. "பிரிக்க வேண்டும்"னு எழுதியிருக்கீங்களே, பிரிக்கிறது யாரு? கொள்கை எடுக்கிறது ஒருத்தர், கூடுதல் பாத்திரம் கழுவுறது இன்னொருத்தர். பெரும்பாலான வீட்டில் அந்த இன்னொருத்தர் அம்மா, இல்லேன்னா மருமகள். காலையில ஆறு மணிக்கு ஒருத்தருக்குப் பால் காப்பி, ஒருத்தருக்குச் சோயாக் காப்பி, ஒருத்தருக்குச் சர்க்கரை இல்லாமன்னு போட்டுப் பார்த்தா "கடைசிக் கரண்டி" எவ்வளவு கனம்னு புரியும்.

இன்னொண்ணு. நீங்க எழுதினது சைவ வீட்டுக் கணக்கு. மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் கரண்டி மாறாம இருக்குமா? கருவாடு பொரிச்ச எண்ணெயில அப்பளம் பொரிக்காம விடுவாங்களா?

நனிசைவன்

நெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவது என்ன கொள்கை என்று எனக்குப் புரியவில்லை. பால் சுரக்க மாடு கன்று போட வேண்டும். பால் கொடுக்காத காளைக்கன்று பண்ணைக்குச் சுமை. அது எங்கே போகிறது என்று கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் "விட்டுக்கொடுத்தல்" போலிருக்கிறது.

அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த வீடும் மாறாது. சொல்லாமல் மாற்றுங்கள். பாசிப்பருப்புப் பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் செய்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை; அது பழைய முறைதான். மூன்றாம் பாலில் பருப்பை வேகவிட்டு, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, இரண்டாம் பால் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகே முதல் பால். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்து நிற்கும். முந்திரியைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போடலாம். இதேபோல் காப்பிக்கும் தயிருக்கும் மெல்ல மெல்ல மாற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி

பாயசத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். காப்பிக்குச் சோயாப்பால், தயிருக்குக் கடலை என்று சொல்லாமல் கலப்பது ஆபத்து. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுவார். அந்த மாத்திரையில் உள்ள லெவோதைராக்ஸின் குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கும். மாத்திரை போட்ட அரை மணியில் அவருக்குத் தெரியாமல் சோயாப்பால் காப்பி கொடுத்தீர்கள் என்றால், தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் ஏன் ஏறுகிறது என்று மருத்துவருக்கும் புரியாது, அவருக்கும் புரியாது. மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். கடலை, முந்திரி ஒவ்வாமையைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் அவர் தட்டை மாற்றுவது தவறு. கொள்கைக்காகச் செய்தாலும் தவறுதான்.

நனிசைவன்

தைராய்டு விஷயம் ஏற்கிறேன். சொல்லாமல் மாற்றுவது பாயசம், தாளிப்பு அளவில் நிற்கட்டும். ஆனால் நெய்க்குப் பதில் வனஸ்பதி வாங்கலாமே? அதுவும் தாவரம்தான்.

மாத்திரைப்பெட்டி

தாவரம்தான், யார் இல்லை என்றார்கள்? எண்ணெயைப் பாதி மட்டும் ஹைட்ரஜனேற்றினால் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்ததே அதனால்தான். நெய்யை விட்டுவிட்டு அந்த இடத்துக்கு வனஸ்பதியைக் கொண்டுவருவதில் உடம்புக்கு ஒரு லாபமும் இல்லை. செக்கு நல்லெண்ணெய் இருக்கும்போது எதற்கு?

மோர்மிளகாய்

சரி, எல்லாரும் சுத்திச் சுத்தித் தயிரைத் தொடாமலே போறீங்க. நம்ம வீட்டுச் சாப்பாடு தயிர்சாதத்துல முடியும். அதுக்கு என்ன பதில்? "கடலைத் தயிர் சூப்பரா இருக்கும்"னு சொல்றவங்க அதை ஒரு தடவையாவது உறைய வெச்சிருக்காங்களா? தண்ணி தனியா, திப்பி தனியா நிக்கும்.

அளவுக்கரண்டி

நிற்கும். காரணம் தெரிந்தால் பாதி சரிசெய்யலாம்.

ஒரு தம்ளர் பச்சை நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலைத் தேய்த்து எடுங்கள். ஊறவைக்கும் முன்பே சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட வேண்டும். பூசண நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. முதலில் கொஞ்சம் தண்ணீரில் வெண்ணெய் போல அரைத்து, பிறகு மொத்தம் மூன்று தம்ளர் தண்ணீர் சேர்த்து வெள்ளைத்துணியில் வடிகட்டுங்கள். அதிலேயே ஒரு தேக்கரண்டி அரிசிமாவையும் அரைத் தேக்கரண்டி சர்க்கரையையும் கரைத்து, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும், இல்லையேல் பொங்கி வழியும். இந்தக் கொதி குறைந்தால் பச்சை வாடை நிற்கும். பலர் கடலைத் தயிரை வெறுப்பது இந்த வாடைக்காகத்தான்.

சர்க்கரை எதற்கு என்றால், மாட்டுப்பாலில் உறைபாக்டீரியாவுக்குத் தீனியாக லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை இருக்கிறது, கடலைப்பாலில் அது இல்லை. அரிசிமாவு எதற்கு என்றால், மாட்டுப்பாலைக் கட்டியாக நிறுத்துவது கேசீன் என்ற பால் புரதம். கடலைப் புரதம் அப்படி வலை பின்னாது, மாவு கொஞ்சம் கைகொடுக்கும்.

விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஐந்தாறு பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைக்கலாம். காம்பில் இயற்கையாகவே புளிக்கவைக்கும் பாக்டீரியா இருக்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். முதல் உறை நீர்த்துத்தான் வரும், அதைச் சாப்பிடாதீர்கள். அதில் இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறைகுத்தினால் இரண்டாவது, மூன்றாவது முறையில் கெட்டிப்படும். மேலே இளஞ்சிவப்புப் புள்ளி வந்தாலோ, கரண்டியில் நூல் மாதிரி இழுத்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் அது கத்தியால் வெட்டுகிற கெட்டித் தயிர் ஆகாது. அதனால் தயிராக நீட்டாமல் மோராக நீட்டுங்கள். இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப்போட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்தால் கடலை வாசம் அடங்கிவிடும். கெட்டியாகத்தான் வேண்டும் என்றால் சோயாப்பாலில் உறைகுத்துங்கள். கடலையைவிட நன்றாக நிற்கும்.

சுக்குக்காப்பி

காப்பிக்கு நான் வருகிறேன். சோயாப்பால் டிகாஷனில் திரிவது பால் கெட்டுப்போனதால் இல்லை. டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைக் கட்டவைக்கின்றன. கொதிக்கும் பாலை டிகாஷன் மேல் ஊற்றினால் கண் முன்னாலேயே டோஃபு (சோயாப் பால்கட்டி) உருவாகும். அதனால் வரிசையை மாற்றுங்கள்: பால் குடிக்கிற சூட்டில் மட்டும், டிகாஷனைக் கடைசியில் மெல்லிய தாரையாக. அதற்கும் திரிந்தால் டிகாஷனில் ஒரு சிட்டிகையில் பாதி சமையல் சோடா. கூடினால் சோப்புத் தண்ணீர் வாடை.

முந்திரிப்பால் திரியாது. தம்ளருக்குப் பத்து முந்திரி, இரண்டு மணி நேரம் ஊறினால் போதும், வடிகட்டவும் வேண்டாம். ஆனால் கொதிக்க விடாதீர்கள். முந்திரியில் மாவுச்சத்து இருப்பதால் கஞ்சி மாதிரி தடித்துவிடும்.

காலை நேரத் தகராறே வேண்டாம் என்பவர்களுக்கு என் பெயரிலேயே பதில் இருக்கிறது. சுக்கு, மல்லி, கருப்பட்டி, சொட்டுப் பால் கிடையாது. மாமியாருக்கும் அதே பானை.

மோர்மிளகாய்

மாமியார் காப்பிக்குப் பதிலா சுக்குக்காப்பி குடிப்பாங்களாம்! ஐயா, நீங்க இந்த ஊர்தானா?

சரி, முக்கியமான கேள்விக்கு வர்றேன். வைட்டமின் பி12க்கு என்ன வழி? பழைய சோத்து நீராகாரத்துல இருக்குன்னு அடுத்து யாராவது சொல்லப் போறாங்க.

மாத்திரைப்பெட்டி

நீராகாரத்தை நம்ப முடியாது. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியையும் நம்ப முடியாது. அதில் பெரும்பங்கு உடம்புக்கு உதவாத போலி பி12. வேறு எதற்கும் உதவாவிட்டாலும் சில ரத்தப் பரிசோதனைகளை ஏமாற்றும். மாத்திரைதான் வழி, மாற்றுப் பேச்சு இல்லை.

பெரியவர்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்லும் தினசரி அளவு 2.2 மைக்ரோகிராம். 2000 மைக்ரோகிராம் மாத்திரையை வாரம் ஒருமுறை எடுப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஒருவேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குத்தான் குடலின் வழக்கமான பாதை ஏற்கும். அதற்கு மேல் போனது சுமார் ஒரு சதவீதம்தான் உள்ளே கசியும். வாரத்தில் ஒருநாள் என்றால் அளவு பெரிதாக இருக்க வேண்டும். தினமும் என்றால் 10 மைக்ரோகிராமே போதும். கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின்) தாராளமாகக் கிடைப்பதால், பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாது. நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போகும்போதுதான் விழிப்பார்கள்.

இப்போது மோர்மிளகாய் அவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மில்லி பசும்பாலில் பி12 ஏறக்குறைய 0.4 மைக்ரோகிராம். முட்டை, மீன் தொடாமல், இரண்டு வேளை காப்பியும் ஒரு கரண்டி மோரும் மட்டும் சாப்பிடும் அம்மாவுக்கு ஒரு மைக்ரோகிராம்கூடச் சேராது. வீகன் பிள்ளைக்குப் பரிசோதனை எடுக்கச் சொல்லும் வீட்டில், பால் குடிக்கும் சைவர்களுக்கும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சுண்ணாம்புச்சத்துக் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. அரை லிட்டர் பாலில் 600 மில்லிகிராம் வருகிறது. பெரியவர்களுக்குத் தேவை 1000. கேழ்வரகு 100 கிராமில் 340க்கு மேல் என்றாலும் தானியத்தில் உள்ள ஃபைடேட் என்ற பொருள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் மேல். முருங்கைக்கீரை நல்லது. பாலக்கீரையில் எவ்வளவு இருந்தாலும், அதிலேயே உள்ள ஆக்சலேட் அதை உடம்பில் சேர விடாது. கால்சியம் சல்ஃபேட்டில் உறையவைத்த டோஃபு கிடைத்தால் வாங்குங்கள்.

நனிசைவன்

மாத்திரை சிபாரிசு செய்யும்போது அதில் என்ன இருக்கிறது என்றும் சொல்லுங்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது, உறை விலங்குத் தோல், எலும்பில் எடுக்கும் ஜெலட்டின், நிரப்புப்பொருள் லாக்டோஸ்.

மாத்திரைப்பெட்டி

உண்மை. டி2 அல்லது பாசிக்காளானிலிருந்து எடுத்த டி3 கேட்டு வாங்கலாம். ஆனால் மருத்துவர் எழுதிய மாத்திரையை லாக்டோஸுக்காக நிறுத்தாதீர்கள். 1944இல் "வீகன்" என்ற சொல்லை உருவாக்கிய பிரிட்டன் சங்கத்தின் வரையறையிலேயே "இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை" என்றுதான் இருக்கிறது.

சுக்குக்காப்பி

கடையில் வாங்குவதற்கு ஒரு வரி. பச்சைப் புள்ளி என்றால் சைவம் மட்டும்தான், அதற்குள் பால் இருக்கலாம். வீகனுக்குத் தனியாக, செடி முளைத்த பச்சை "வி" முத்திரை 2021இல் அறிமுகமாகி, 2022இல் விதியாக வந்தது. முத்திரை இல்லாவிட்டால் ஒவ்வாமை வரியைப் பாருங்கள், பால் இருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும். சாதாரண மேரி பிஸ்கட், பிரெட்டில்கூடப் பால் பொடி ஒளிந்திருக்கும். ஓட்டலில் தோசையை "நெய் வேண்டாம்" என்று சொன்னால் போதாது, "எண்ணெய் மட்டும்" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெய் தடவிக் கொண்டுவருவார்கள்.

மோர்மிளகாய்

பிரசாதம்? பழனிப் பஞ்சாமிர்தத்துல நெய்யும் இருக்கு, தேனும் இருக்கு. புது வீட்டுல பால் காய்ச்சும்போது தேங்காய்ப்பால் காய்ச்சுவீங்களா?

அளவுக்கரண்டி

பிரசாதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். விரதம் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், யாரும் கோபிப்பதில்லை. பால் காய்ச்சுவது வீட்டாரின் சடங்கு. அங்கே போய் நிற்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் நனிசைவனுக்கும் ஒத்துவராது.

மீன் வீட்டுக் கேள்விக்குப் பதில் பாக்கி. ஒரு இரும்புத் தோசைக்கல், ஒரு வாணலி, இரண்டு மரக்கரண்டி தனியாக வேண்டும், பிடியில் சிவப்பு நூல் கட்டி. பொரித்த எண்ணெய்க்கு இரண்டு தூக்கு. அப்பளத்தை முதலில் பொரித்துவிட்டு அப்புறம் கருவாடு. வரிசையை மாற்றினால் எண்ணெயையே மாற்ற வேண்டும்.

முதல் கேள்வி, "பிரிக்கிறது யாரு?" என்பது. அதில் நீங்கள் சொன்னதுதான் சரி, என் பதிவில் விடுபட்டது. கடலை ஊறப்போடுவது, தோல் உரிப்பது, அரைப்பது, அந்த வெள்ளைத்துணியைப் பிசுக்குப் போகச் சுடுதண்ணீரில் அலசிக் காயப்போடுவது எல்லாம் பால் பொருளை விட்டவர் வேலை. துணியைச் சரியாக அலசாவிட்டால் அடுத்த உறையும் கெட்டுப்போகும்.

மோர்மிளகாய்

மிக்ஸி ஜாரையும் சேர்த்துக்கோங்க. பிளேடுக்கு அடியில கடலைத் திப்பி ஒட்டிக்கிட்டு நிக்கும். மறுநாள் சட்னி அரைக்கிறவங்க மூக்குக்குத்தான் தெரியும்.